ஒரு ஸ்பெஷல் லீவ் லெட்டர்... டெல்லிக்கு!

லீவ் லெட்டர் எழுதுவதில் நம்மை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஒரே பாட்டியை நாலு செமஸ்டரில் நாலு தடவை சாகடித்த மகானுபாவர்கள் ஒவ்வொரு கிளாஸிலும் உண்டு. ஆனால், இந்தியாவிலேயே படு சீரியஸான லீவ் லெட்டர் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன்'. செல்லமாக எஸ்.எல்.பி. தமிழில், சிறப்பு அனுமதி மனு. இங்கே லீவ் என்றால் விடுமுறை இல்லை பாஸ், அனுமதி! "ஐயா, இந்த கேஸில் உங்களிடம் அப்பீல் செய்ய எனக்குத் தானாக உரிமை கிடையாது. ஆனாலும் செய்ய விடுங்கள்" என்று சுப்ரீம் கோர்ட்டிடம் கேட்கும் மனு அது.

'என்னது, உரிமை கிடையாதா? சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போவேன்னு சினிமாவுல எல்லாரும் சவால் விடுறாங்களே?' என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். போகலாம். யார் வேண்டாம் என்றார்கள்? வாசலில் நின்று கேட்க வேண்டும். உள்ளே விடுவதும் விடாததும் நீதிபதிகளின் விருப்புரிமை. கொலை கேஸாக இருந்தாலும் அதே கதைதான்.

அந்த வாசலில் ஒன்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஒரு கேஸ், நாம் தினமும் தொங்கிக்கொண்டு போகும் பஸ் ரூட்டோடு சம்பந்தப்பட்டது.

மந்தைவெளி டெப்போவில்...

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், கிண்டி என்று ஜி.எஸ்.டி. ரோட்டை அளந்துகொண்டு பாரிமுனைக்குப் போகும் 21ஜி-யைத் தெரியாத ஸ்டூடன்ட் நம்ம ஏரியாவில் இருக்க முடியாது. 1996 நவம்பர் 7-ம் தேதி அந்த ரூட் பஸ் ஒன்றில் கிடந்தது, தலையும் கை கால்களும் இல்லாத ஓர் இளைஞனின் உடல். மந்தைவெளி டெப்போவில் அதைப் பார்த்துப் பதறிப்போனார்கள். யார், என்ன என்று எதுவும் தெரியாமல் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 10. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் வீட்டில், சிதம்பரத்திலிருந்து வரவேண்டிய மகனுக்காகக் காத்திருந்தார்கள். பையன் வரவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர் நவரசு. விசாரித்தால், நவம்பர் 6-ம் தேதியிலிருந்தே ஆளைக் காணோம் என்றார்கள். அப்பா அண்ணாமலை நகர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். சென்னை பஸ்ஸில் கிடந்த உடலும், சிதம்பரத்தில் காணாமல் போன மாணவனும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்பது அதன் பிறகுதான் புரிய ஆரம்பித்தது.

அதே கல்லூரியின் சீனியர் மாணவர் ஜான் டேவிட், நவம்பர் 14-ம் தேதி மன்னார்குடி கோர்ட்டில் சரணடைந்தார். ராகிங்கில் ஆரம்பித்த விவகாரம் கொலையில் முடிந்தது என்பது போலீஸ் தரப்பு. தமிழ்நாடே கொதித்தது. ராகிங் தடைச் சட்டம் இங்கே வந்ததற்கு இந்தக் கேஸ்தான் காரணம். 1997-ம் ஆண்டுச் சட்டம் என்றாலும், 1996 டிசம்பர் 19-லிருந்தே அமலுக்கு வந்ததாகக் கணக்கு. இரண்டு வருஷம் வரை ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். ஃப்ரெஷர்ஸ் டே அன்று காலேஜ் வாசலில் வைக்கிற அந்த போர்டுக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது.

கொலையை நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. எல்லாம் சூழ்நிலை சாட்சியங்கள். நவரசுவைக் கடைசியாக யாருடன் பார்த்தார்கள், தலை எங்கே கிடைத்தது, எலும்புகள் எங்கே கிடைத்தன, பஸ்ஸில் இருந்த உடலும் தலையும் ஒருவருடையதுதானா... இப்படி ஒவ்வொன்றையும் கோத்து ஒரு சங்கிலி செய்ய வேண்டும். மண்டை ஓட்டின் படத்தையும் நவரசுவின் போட்டோவையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் சூப்பர் இம்போசிஷன் சோதனை நடந்தது. தமிழ்நாட்டில் பலரும் பெயரளவில்கூடக் கேள்விப்படாத டி.என்.ஏ. சோதனையும் நடந்தது. 1998 மார்ச் 11-ம் தேதி கடலூர் செஷன்ஸ் கோர்ட், ஜான் டேவிட் குற்றவாளி என்று சொல்லி இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று!

ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. இது உரிமை, யாரும் தடுக்க முடியாது. 2001 அக்டோபர் 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், சங்கிலி முழுமையாக இல்லை, சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்று சொல்லி அவரை விடுதலை செய்தது.

சட்டப்படி கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஏனென்றால், ஹைகோர்ட் விடுதலை செய்த ஒருவருக்கு எதிராக சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் செய்யும் உரிமை தமிழ்நாடு அரசுக்கே கிடையாது. அரசாங்கமாக இருந்தாலும் லீவ் லெட்டர்தான்!

ரீவேல்யூஷன் மாதிரி இல்ல மச்சி!

நம்ம செமஸ்டர் ரிசல்ட்டோடு ஒப்பிட்டால் சீக்கிரம் புரியும். அரியர் விழுந்தால் போட்டோகாப்பி கேட்கலாம், ரீவேல்யூஷன் போடலாம். பணத்தைக் கட்டி, தேதிக்குள் அப்ளை செய்தால் பேப்பரை யாரோ ஒருத்தர் திருத்தியே ஆகணும். தாம்பரம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் தண்டனை என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போவதும், செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை என்றால் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போவதும் இந்த வகை. கேட்டால் கேட்டாகணும்.

டெல்லி அப்படி இல்லை. அரசியல் சட்டத்தின் 134-வது பிரிவு, கிரிமினல் கேஸில் நேரடியாக அப்பீல் போகிற சில பேரை மட்டும் சொல்கிறது. கீழ்க் கோர்ட்டில் விடுதலையான ஒருவரை ஹைகோர்ட் குற்றவாளியாக்கி மரண தண்டனை கொடுத்தால், அவருக்கு உரிமை உண்டு. கீழ்க் கோர்ட்டிடமிருந்து கேஸைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு ஹைகோர்ட்டே விசாரித்து மரண தண்டனை கொடுத்தாலும் உண்டு. 1970-ல் வந்த ஒரு சட்டம் இதைக் கொஞ்சம் அகலமாக்கி, இதே சூழ்நிலைகளில் ஆயுள் தண்டனையோ பத்து வருஷத்துக்குக் குறையாத ஜெயிலோ கிடைத்தவர்களையும் சேர்த்தது. இவை தவிர, 'இது சுப்ரீம் கோர்ட்டுக்குத் தகுந்த கேஸ்' என்று ஹைகோர்ட்டே சர்ட்டிபிகேட் கொடுத்தாலும் போகலாம். தீர்ப்பு சொன்ன வாத்தியாரே 'என் திருத்தலைச் செக் பண்ணுங்க' என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருக்கும் அத்தனை பேருக்கும் 136-வது பிரிவுதான். எந்தக் கோர்ட்டின் எந்தத் தீர்ப்பாக இருந்தாலும் (ராணுவ நீதிமன்றங்கள் விதிவிலக்கு) சுப்ரீம் கோர்ட் விரும்பினால் அப்பீலுக்கு அனுமதி தரலாம். 'தரலாம்'... இந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கி இருக்கின்றன ஆயிரக்கணக்கான பேரின் தலையெழுத்துகள். 1950-ல், கோர்ட் ஆரம்பித்த முதல் வருஷத்திலேயே, பஞ்சாபிலிருந்து வந்த ப்ரீதம் சிங் என்பவரின் கொலை வழக்கில், விசேஷமான காரணம் இருந்தால்தான், பெரிய அநியாயம் நடந்திருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும் என்று அளவுகோல் போட்டுவிட்டார்கள்.

பாகவதர் கூட இந்த க்யூவில்தான்

இந்த அனுமதி விஷயம் வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். அப்போது கடைசிக் கோர்ட் டெல்லியில் இல்லை, லண்டனில் இருந்தது. பிரிவி கவுன்சில். உங்கள் தாத்தாவிடம் 'லட்சுமிகாந்தன் கொலை வழக்கு' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டார்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குத்தப்பட்டு இறந்தார். சினிமாக்காரர்களைப் பற்றிக் கண்டபடி எழுதிக்கொண்டிருந்தவர். கைதானவர்களில் இரண்டு பேர் யார் தெரியுமா? எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும். பாகவதரின் 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம். அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீரோ ஜெயிலில்! 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் தோற்றது. பிறகு கப்பலேறி லண்டன் போனது மனு. அனுமதி கிடைத்தது. சென்னை ஹைகோர்ட் மறுபடியும் விசாரிக்கட்டும் என்று பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. பாகவதரின் மார்க்கெட் மட்டும் திரும்பி வரவே இல்லை.

அந்த அனுமதி கிடைக்காமல் போயிருந்தால், கலைவாணரின் பிற்காலப் படங்களில் ஒன்றைக்கூட நாம் பார்த்திருக்க மாட்டோம்.

அஞ்சு நிமிஷ பரீட்சை

சரி, லெட்டரை எப்படிப் போடுவது? ஹைகோர்ட் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 90 நாள் டைம். மரண தண்டனை என்றால் 60 நாள். லேட் ஆனால் அதற்குத் தனியாக ஒரு மனு போட்டு காரணம் சொல்ல வேண்டும். (ரெக்கார்ட் நோட்டை லேட்டாக சப்மிட் செய்கிறவர்களுக்கு இது பழகின வேலைதான்.)

தண்டனை பெற்றவர் வெளியே ஹாயாக இருந்துகொண்டு மனு போட முடியாது. முதலில் சரண்டர் ஆகி, அதற்கான அத்தாட்சியை இணைக்க வேண்டும். இல்லையென்றால், சரணடைவதிலிருந்து விலக்கு கேட்டு இன்னொரு மனு. நம்ம ஊர் வக்கீல் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் பெயரில் அங்கே மனு தாக்கல் செய்ய முடியாது. 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்' என்று ஒரு தனி ஜாதி வக்கீல்கள் இருக்கிறார்கள். வக்கீலான பிறகும் பல வருஷ அனுபவம், ஒரு வருஷ டிரெய்னிங், சுப்ரீம் கோர்ட்டே நடத்தும் பரீட்சை எல்லாம் தாண்டி வருகிறவர்கள். அவர்களுடைய ஆபீஸ் கோர்ட்டிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றுகூட ரூல் உண்டு. கிட்டத்தட்ட தாம்பரத்திலிருந்து கிண்டி தூரம். சித்தாலப்பாக்கத்தில் இருக்கும் ஒரு அம்மா, மகன் கேஸுக்காக அந்த 16 கிலோமீட்டருக்குள் யாரைப் போய்த் தேடுவார்? இதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

புது மனுக்களை வழக்கமாகத் திங்கள், வெள்ளியில் எடுப்பார்கள். அன்றைக்கு லிஸ்ட்டில் ஏகப்பட்ட மனுக்கள். நீதிபதிகள் முந்தின நாளே ஃபைலைப் படித்துவிட்டு வருவதால், வக்கீல் எழுந்து நின்று கதையை முதலிலிருந்து சொல்ல நேரம் கிடையாது. சில நிமிஷங்கள்தான். நம்ம வைவாவே பரவாயில்லை! கிடைக்கும் பதில் மூன்று விதம். 'தள்ளுபடி' என்று ஒரே வரி. அல்லது எதிர்த்தரப்புக்கு 'நோட்டீஸ்'. அல்லது, எல்லோரும் கேட்க ஆசைப்படும் 'லீவ் கிரான்டட்'. அந்த நொடியில் மனு என்பது அப்பீலாக மாறுகிறது. நம்பரும் மாறிவிடும். பிறகுதான் நிஜமான விசாரணை.

ஒரு டவுட் வரும். தள்ளுபடி ஆனால், ஹைகோர்ட் சொன்னது சரி என்று சுப்ரீம் கோர்ட் முத்திரை குத்திவிட்டது என்று அர்த்தமா? டி.வி.யில் அப்படித்தான் ஃப்ளாஷ் போடுகிறார்கள். ஆனால் கிடையாது. காரணம் சொல்லாத ஒரு வரித் தள்ளுபடி என்றால், 'இதில் நாங்கள் தலையிட விரும்பவில்லை' என்பதற்கு மேல் அர்த்தம் எதுவும் இல்லை என்று 2000-ல் குஞ்ஞயம்மது என்ற கேரளா வழக்கில் மூன்று நீதிபதிகள் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். உள்ளே இருக்கிற கைதிக்கு இந்த வித்தியாசத்தால் பத்து பைசா பிரயோஜனம் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒன்பது வருஷ க்யூ

மறுபடியும் நவரசு கேஸுக்கு வருவோம். தமிழ்நாடு அரசு மனு போட்டது. 2002-லேயே அது கிரிமினல் அப்பீலாகப் பதிவாகிவிட்டது. அதாவது, அனுமதி சீக்கிரமே கிடைத்துவிட்டது. அப்புறம்தான் க்யூ! 2003, 2004, 2005... ஜான் டேவிட் விடுதலையான மனிதர். வேலை பார்த்தார். சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. நவரசுவோடு முதல் வருஷம் சேர்ந்தவர்கள் டாக்டராகி, அவர்களுடைய பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிற வயசு வந்துவிட்டது.

2011 ஏப்ரல் 20-ம் தேதி நீதிபதிகள் முகுந்தகம் சர்மா, அனில் ஆர்.தவே அமர்வு தீர்ப்பு சொன்னது. ஹைகோர்ட்டின் விடுதலைத் தீர்ப்பு ரத்து. கடலூர் கோர்ட்டின் தீர்ப்பு மறுபடியும் உயிர் பெற்றது. இரண்டு ஆயுள் தண்டனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே சமயத்தில் ஓடட்டும் என்று மட்டும் மாற்றினார்கள். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 23-ம் தேதி, கடலூர் மத்திய சிறையில் சரணடைந்தார் ஜான் டேவிட்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு விடுதலையை சுப்ரீம் கோர்ட் சும்மா புரட்டிப் போடாது. அதே ஆதாரத்தை வைத்து இரண்டு விதமாக முடிவு எடுக்கலாம் என்கிற நிலை இருந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதைத்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய விதி. ஹைகோர்ட் ஆதாரங்களைப் பார்த்த விதமே தவறு என்று தோன்றினால்தான் கை வைப்பார்கள். நவரசு கேஸில் அந்த டி.என்.ஏ. முடிவும், சூப்பர் இம்போசிஷனும், கண்டெடுக்கப்பட்ட பொருட்களும் சேர்ந்து சங்கிலியை முழுமையாக்குகின்றன என்றது கோர்ட். ஹைகோர்ட் உடைந்திருக்கிறது என்று சொன்ன அதே சங்கிலி! எங்கள் லேபில் ஒரே சர்க்யூட்டுக்கு இரண்டு பேர் இரண்டு ரீடிங் எடுத்தால் மீட்டரைக் குறை சொல்லலாம். இங்கே யாரைச் சொல்வது?

அரசு போகலைன்னா?

நவரசு கேஸில் அரசு டெல்லி வரை போனது. நாடே பார்த்துக்கொண்டிருந்த கேஸ், போகாமல் இருக்க முடியாது. பேப்பரில் வராத கேஸ்களில்? ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது, அரசு ஃபைலை மூடிவிட்டது. செத்தவனின் குடும்பம் என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கித் தந்ததும் ஒரு தமிழ்நாட்டுக் கேஸ்தான். ஒரு கொலை வழக்கில் சதானந்தம் என்பவரை சென்னை ஹைகோர்ட் விடுதலை செய்தது. அரசு அப்பீல் போகவில்லை. இறந்தவரின் அண்ணன் தம்பி உறவில் இருந்த அருணாச்சலம், தானே 136-வது பிரிவில் மனு போட்டார். அனுமதி கிடைத்தது. 1979-ல் சுப்ரீம் கோர்ட் விடுதலையை ரத்து செய்து தண்டனை கொடுத்தது. சதானந்தம் விடவில்லை. 'வழக்கு நடத்த வேண்டியது அரசு. நடுவில் இவர் யார்?' என்று அதே கோர்ட்டில் இன்னொரு வழக்கு போட்டார். நியாயமான கேள்விதான்! பழிவாங்கும் குஷியில் ஆளாளுக்கு மனு போட ஆரம்பித்தால் என்ன ஆவது? ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்து 1980-ல் பதில் சொன்னார்கள். வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதில் பிரபலம். தனிநபரும் கேட்கலாம். ஆனால், அனுமதி என்கிற கதவு இருக்கிறதே, அதுதான் வடிகட்டி. தகுதியில்லாதவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

அனுமதி கேட்பது நமக்குத் தடை மாதிரி தெரிகிறது. ஒரு சகோதரனுக்கு அதுவே வழியாக இருந்திருக்கிறது. 2009-ல் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, பாதிக்கப்பட்டவர்களுக்கே விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமையைக் கொடுத்தார்கள். ஹைகோர்ட் வரை அது உரிமை. டெல்லிக்கு இப்போதும் லெட்டர்தான்.

முகலிவாக்கம்

இனி சொல்லப்போகிற கேஸ் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2017 பிப்ரவரியில், போரூர் பக்கம் முகலிவாக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை காணாமல் போய், கொடூரமாகக் கொல்லப்பட்டது தெரிய வந்தது. அதே அபார்ட்மென்ட்டில் வசித்த ஓர் இளைஞர் கைதானார். 2018 பிப்ரவரி 19-ம் தேதி செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அதே வருஷம் ஜூலையில் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. ஸ்வீட் கொடுக்காத குறையாக எல்லோரும் கொண்டாடினார்கள்.

இங்கே நான் ஒரு விஷயத்தைப் படித்துவிட்டு நிஜமாகவே ஆடிப்போனேன். கீழ்க் கோர்ட் தூக்கு என்று சொல்லி, ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்துவிட்டால், அந்தக் கைதிக்கு சுப்ரீம் கோர்ட்டில் தானாக அப்பீல் உரிமை கிடையாது. மேலே சொன்ன 134-வது பிரிவை மறுபடி படித்துப் பாருங்கள். கீழே விடுதலை, மேலே தூக்கு என்றால் உரிமை உண்டு. இரண்டு இடத்திலும் தூக்கு என்றால் அனுமதிதான் கேட்கணும். உயிர் போகிற விஷயத்தில் கூடவா 'தரலாம்'? என்னைக் கேட்டால், இந்த ஒரு இடத்திலாவது அதை உரிமையாக மாற்றிவிட வேண்டும். கோர்ட்டுக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்கிறது போல. 2015-ல் ஒரு மகாராஷ்டிரா கைதியின் மனு காரணம் சொல்லாமல் தள்ளுபடி ஆனது. 2018 நவம்பரில் அதை மீண்டும் திறந்தார்கள். மரண தண்டனை கேஸ்களில் தண்டனையைப் பற்றியாவது காரணம் சொல்லாமல் மனுவைத் தள்ளக் கூடாது என்று அப்போது சொன்னார்கள். அந்த மாதிரி அப்பீல்களைக் குறைந்தது மூன்று நீதிபதிகள் கேட்க வேண்டும் என்பதும் இப்போது விதி.

முகலிவாக்கம் அப்பீலைக் கேட்டதும் மூன்று நீதிபதிகள்தான். விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா. 2025 அக்டோபர் 8-ம் தேதி தீர்ப்பு வந்தது. விடுதலை.

வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்கு வந்த வசைகளை இங்கே எழுத முடியாது. தீர்ப்பைப் படித்தவர்கள் அந்த குரூப்பில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கத் தோன்றியது. கோர்ட் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தபோது அந்த இளைஞருக்கு வக்கீலே இல்லை. சட்ட உதவி வக்கீல் பிறகுதான் வந்தார். அவர் ஃபைலைப் படித்து முடிப்பதற்குள் சாட்சி விசாரணை ஆரம்பித்துவிட்டது. குற்றவாளி என்ற தீர்ப்பும், தூக்கு என்ற தண்டனையும் ஒரே நாளில் வந்தன. சி.சி.டி.வி. பதிவில் பார்த்தோம் என்றார்கள். அந்தப் பதிவு கோர்ட்டுக்கு வரவில்லை. கடைசியாகச் சேர்ந்து பார்த்ததாகச் சொன்ன சாட்சி நம்பும்படியாக இல்லை. தடயங்கள் யார் கையில் இருந்து யார் கைக்குப் போய் லேபுக்கு வந்தன என்பதில் ஓட்டை.

ஒரு குழந்தை செத்திருக்கிறது. அந்த அப்பா அம்மாவிடம் போய் 'நடைமுறை சரியில்லை' என்று யார் சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன். ஆனால், வக்கீல் இல்லாமல் குற்றச்சாட்டு வாசித்தது அந்தப் பெற்றோரின் தப்பு இல்லை. சி.சி.டி.வி. பதிவைக் கோர்ட்டில் வைக்காமல் விட்டதும் இல்லை. வேகமாக முடிக்கணும் என்று ஊரே துடித்தது, வேகமாகவே முடித்தார்கள். ஏழு வருஷம் கழித்து டெல்லியில் உடைந்தது அந்த வேகம்தான்.

நவரசு கேஸையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. சுப்ரீம் கோர்ட்டில் புதுசாக சாட்சிக்கூண்டு கிடையாது. யாரையும் கூப்பிட்டு மறுபடி விசாரிப்பதில்லை. வழக்குக் கட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லாம். அந்தக் கட்டை எழுதுவது யார்? போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடும் ரைட்டர், இடத்துக்குப் போய் பறிமுதல் மகஜர் எழுதும் இன்ஸ்பெக்டர், அதில் சாட்சிக் கையெழுத்துப் போடும் டீக்கடைக்காரர். 1996-ல் ஒரு பஸ் டெப்போவில் கிடைத்த உடலை ஒழுங்காக சோதனைக்கு அனுப்பினார்கள், பதினைந்து வருஷம் கழித்தும் அது பேசியது. 2017-ல் கேமரா எல்லா மூலையிலும் இருந்தது, கோர்ட்டில் மட்டும் இல்லை.

காசு இல்லாதவங்க?

சித்தாலப்பாக்கத்து அம்மாவை நடுவில் விட்டுவிட்டேன். அவருக்கு வழி இருக்கிறது. ஜெயிலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே, இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் அப்படித்தான். சுப்ரீம் கோர்ட்டுக்கென்றே தனியாக ஒரு சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அது அந்த 16 கிலோமீட்டருக்குள் இருக்கும் வக்கீலை ஏற்பாடு செய்து கொடுக்கும். கைதி ஜெயில் அதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம், 'ஜெயில் பெட்டிஷன்' என்று பெயர். மொழிபெயர்ப்பு, பேப்பர் வேலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால் 15100 என்ற எண். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச ஹெல்ப்லைன். செங்கல்பட்டு கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம்.

90 நாள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஹைகோர்ட் தீர்ப்பின் காப்பி கையில் கிடைக்கவே நாளாகும், மரண தண்டனைக்கு 60-தான்.

தீர்ப்புகளைப் படிக்க வக்கீலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சுப்ரீம் கோர்ட்டின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, சில தீர்ப்புகள் தமிழிலும். ஜான் டேவிட் தீர்ப்பை நான் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். சாட்சிகளுக்குப் பெயருக்குப் பதில் நம்பர் போட்டிருப்பார்கள், அதனால் பக்கத்தில் ஒரு பேப்பர் வைத்து யார் யார் என்று குறித்துக்கொண்டே போங்கள். டி.என்.ஏ. வரும் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும்.